ஒத்திகையில் ஜெயித்தவர்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் பள்ளத்தாக்கின் காவல் தெய்வத்தின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். பொய் சொல்பவனின் முன்பற்களை அந்தத் தெய்வம் பிடுங்கிக்கொள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். (எனக்கு முன்பல் இல்லாதது வயதினால்.)

கதை கிடைத்த இடம் அம்பெய்யும் திடல். எதிரணிக்காரன் வில்லை வளைக்கும்போது அவன் குறி தப்பவேண்டும் என்று இந்தப் பக்கத்தில் நின்று கத்துவோமே, அப்படிக் கத்திய கேலிகளில் ஒன்று தரையில் கிடந்தது. பொறுக்கி எடுத்து வந்தேன். ஆகவே ஆதாரம் வலுவானது.

2

முதல் தொடக்கம்: "யோந்தன் ரப்கே பிறந்த நள்ளிரவில் பனிமலைக்கு மேலே ஒரு வானவில்—"

நள்ளிரவில் வானவில் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "மாவட்ட அலுவலகத்தின் துணை அதிகாரி யோந்தன் ரப்கே தன் பணிக்காலத்தில் புரிந்த சாதனைகளாவன:"

இந்த வரிக்கு அடுத்த வரியைக் குளிர்காலம் முழுவதும் யோசித்தேன். பிறகு பனி உருகிவிட்டது.

மூன்றாவதையே வைத்துக்கொள்கிறேன். யோந்தன் ரப்கே யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. "பார்க்கலாம்" என்பார். ஓர் ஊர்க்காரர்கள் ஆற்றுக்குப் பாலம் கேட்டு வந்தார்கள். பார்க்கலாம் என்றார். அவர்கள் வருடாவருடம் வந்தார்கள், அவரும் சலிக்காமல் பார்க்கலாம் என்றார். கடைசியில் ஆறே சலித்துப்போய்த் திசை மாறி ஓடிவிட்டது. பாலம் தேவையில்லை என்று கோப்பு மூடப்பட்டது. இந்தச் சிக்கனத்துக்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

3

அப்போதுதான் தேர்தல் வந்தது. அரசரே போதும் என்றிருந்த நாங்கள் கேட்கவில்லை, அவராகவே மேலிருந்து கொடுத்தார். கொடுத்ததை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடப் போகிறோமே என்று முதலில் ஓர் ஒத்திகைத் தேர்தலும் வைத்தார்கள். நிஜமில்லாத கட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். (இல்லாத கட்சிகளை உருவாக்கி, இல்லாத வாக்குறுதிகளை எழுதிக் கொடுத்த அந்த அதிகாரிகள்தான் என் முன்னோடிகள். எனக்கு மட்டும் சம்பளம் இல்லை.)

எங்கள் ஊரில் மஞ்சள் கட்சிக்கு நிற்கவேண்டியவர் வரவில்லை. ஒத்திகையை நடத்த வந்த யோந்தன் ரப்கேயே அந்த இடத்தில் நின்றார். மஞ்சள், அரசர் அணியும் தோள்துண்டின் நிறம். அந்த நிறத்தைத் தாண்டி வேறொரு பொத்தானை அமுக்க எங்கள் ஊரில் யாருக்கும் விரல் கிடையாது. எல்லா ஓட்டும் மஞ்சளுக்கு.

ஊர் ஓட்டுப் போட்டது நிறத்துக்கு. யோந்தன் ரப்கே அதைத் தன் முகத்துக்கு என்று எடுத்துக்கொண்டார்.

4

நிஜத் தேர்தலில் நிற்பதற்கு அரசு வேலையை விடவேண்டும். விட்டவன் தோற்றாலும் அழுதாலும் அந்த நாற்காலிக்குத் திரும்ப முடியாது. விஷயம் இவ்வளவுதான்: ஜெயித்தால் நாடாளுமன்றம், அதன் உறுப்பினர் அணியும் நீலத் தோள்துண்டு. தோற்றால் அடுத்த மாதத்து அரிசிக்கு மாமனார் வீட்டைப் பார்க்கவேண்டும்.

அவர் விட்டார்.

அவர் மனைவி யுதெனை இந்தக் கதையில் சேர்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. கெட்டிக்காரப் பெண்கள் வந்தால் என் கதைகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. ஆனால் மிளகாயும் பாலாடைக்கட்டியும் கொதிக்கிற சட்டியைக் கிளறிக்கொண்டு அவளாகவே உள்ளே வந்து கேட்டுவிட்டாள்:

"ஜெயிச்சது ஒத்திகையில. ராஜினாமாவும் ஒத்திகைதானே?"

அவர், பார்க்கலாம் என்றுகூடச் சொல்லாமல், பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார்.

5

எதிர்த்து நின்றவர் மிஞ்சூர், லாரி வைத்திருந்த பட்டதாரி. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, ஆகவே கதைக்கு உதவாத ஆள். அவரைக் கொஞ்சம் கெடுத்துப் பார்க்கலாமென்று "மிஞ்சூர் இரவோடு இரவாகச் சாராயப் பீப்பாய்களை—" என்று தொடங்கினேன். பீப்பாயைத் திறந்தால் மோர் இருந்தது. விட்டுவிட்டேன்.

யோந்தன் ரப்கே வீடு வீடாக ஏறினார். எல்லா வீட்டிலும் வெண்ணெய்த் தேநீர், எல்லா வீட்டிலும் சிரிப்பு. தண்ணீர் மில் வைத்திருக்கும் யாங்கியிடம்தான் விஷயம் உடைந்தது.

"ஒங்களுக்குத்தான் போன தடவையே போட்டாச்சே தாஷோ,"* என்றாள்.

"அது ஒத்திகைம்மா."

"அது எங்க வெரலுக்குத் தெரியுமா? நெசமாத்தான அமுக்குச்சு."

"இப்பத்தான் உண்மையான தேர்தல்…"

"பாவம், மிஞ்சூர் அண்ணன் ஒரு தடவகூட வாங்கல. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவ ஊத்திட்டு, பக்கத்துல இருக்கறவரு கோப்பையக் காயவிட்டா அது மொறையா லா? இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டா?"

அடுத்த வீட்டிலும் அதே கணக்கு, அதற்கடுத்த வீட்டிலும். அவர் மலைப்பாதையில் உட்கார்ந்து, அரைமணி நேரம் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி. அதைப் பார்த்த யாங்கிக்கு மனசு கேட்கவில்லை. ஊர் கூடியது. யார் மனமும் நோகக்கூடாது, அதனால் வீட்டுக்கு வீடு புருஷன் ஒருவருக்கு, பெண்சாதி மற்றவருக்கு என்று முடிவானது.

*பேச்சின் முடிவில் வரும் லா வெறும் மரியாதை; தாஷோ என்பது அரசரிடம் சிவப்புத் தோள்துண்டு பெற்ற பெரியவர்களுக்கான பட்டம். அவர் பெற்றதில்லை. மறுத்ததும் இல்லை.

6

தேர்தல் நாள். ஏற்பாட்டின்படியே எல்லோரும் போட்டார்கள். மிஞ்சூரின் மனைவி மிஞ்சூருக்கு. மிஞ்சூர், மரியாதை தெரிந்தவராகையால், யோந்தன் ரப்கேவுக்கு. யுதெனின் ஓட்டு அவள் பிறந்த ஊரில். சரிக்குச் சரி. மிச்சம் யோந்தன் ரப்கேயின் ஓட்டு ஒன்றுதான். அது ஊருக்கே தெரியும்.

மறைப்புக்குப் பின்னால் போனார். இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். இங்கே வளர்ந்தவன் எவனும் தன் தட்டில் தானே அள்ளிப் போட்டுக்கொள்ள மாட்டான். பரிமாறினால் வாயைப் பொத்தி இரண்டு முறை மறுக்கவேண்டும். மூன்றாவது முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்ளலாம். அவரும் வாயைப் பொத்திக்கொண்டு, "வேணாம் லா… வேணாம் லா…" என்று இயந்திரத்திடம் முறையாக மறுத்துவிட்டு, அது வற்புறுத்தக் காத்திருந்தார்.

வெளிநாட்டில் செய்த இயந்திரம். வற்புறுத்தவில்லை.

வெளியே தேர்தல் அதிகாரி இருமினார். யோந்தன் ரப்கேயின் விரல் எழுந்தது.

7

முடிவு அ: தன் பொத்தானை அமுக்கினார். நீலத் துண்டு கிடைத்தது. பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு மட்டும் தேநீர் ஊற்றாமல், கெண்டியை எதிரே வைத்து, "நீங்களே ஊத்திக்குங்க தாஷோ" என்றார்கள்.

முடிவு ஆ: மிஞ்சூரின் பொத்தானை அமுக்கினார். இப்படியொரு பண்பாளர் உண்டா என்று ஊரே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது. அவருக்குப் போக வேலை இல்லை.

முடிவு இ: "அப்போது மறைப்புக்குள் யுதென் நுழைந்து—"

வேண்டாம். அவள் வந்தால் முடித்துவிடுவாள்.

விரல் அந்தரத்தில் நிற்கிறது, வெளியே ஊர் காத்திருக்கிறது. எனக்குக் கை நடுக்கம், எதை அமுக்கினாலும் பக்கத்துப் பொத்தானில்தான் போய்ப் படும். ஆகவே நீங்களே அமுக்கிக்கொள்ளுங்கள்.

நேற்று கூரைக்கு மரம் வெட்ட அனுமதி வாங்க மாவட்ட அலுவலகம் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டவர் துணை அதிகாரி யோந்தன் ரப்கே. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒருநாள்கூட அந்த நாற்காலியை விட்டதில்லை.