தாழ்மையாக எழுதாத கடிதம்

வளைகுடா நாடொன்றில் அரசரைக் குறை சொன்னதற்காகப் பதினொரு ஆசிரியைகள் சிறையில் கிடந்தார்கள். அவர்களை விடச் சொல்லி, பேசாலை என்னும் மீனவ ஊரிலிருந்து மெற்றில்டா அந்த அரசருக்குக் கடிதம் எழுதுவதைக் கேள்விப்பட்டு, அங்கே லொறி ஓட்டும் மகன் ஜெராட் போனில் கத்தினான்.

“அம்மா, என்னை வேலையால கலைச்சுப்போடுவாங்கள். எழுதத்தான் வேணுமெண்டால் தாழ்மையாக் கேளுங்கோ. பேரைப் போடாதேங்கோ.”

“உன்ர கொப்பரை, என்ர மனிசனை, ஆமி பிடிச்ச பிறகு பன்னிரண்டு வருசம் தாழ்மையாத்தான் எழுதினனான். மனிசன் வந்ததோ? அண்டைக்கு ஒருத்தரும் எங்களுக்காகப் பேரைப் போடேல்லையடா!”

“எனக்கு வேலை போனால்?”

“வந்து வள்ளத்தில ஏறு. கடல் இன்னும் வத்தேல்லை.”

போனை வைத்தவள், தாள் கிழியும்படி அழுத்தித் தன் முழுப்பெயரையும் முகவரியையும் எழுதினாள். தபால் கந்தோர் பூட்டுவதற்குள் போய்விட வேண்டுமென்று, செருப்பையும் தேடாமல் நடந்தாள்.