தெற்கை மேலே வைத்த இன்ஜினியர்

பிரசாந்த் சோலார் பம்ப் விற்கிறவன். கழுத்து அட்டையில் மட்டும் 'சைட் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். சிங்கவரத்தில் ஆண்டாள் அக்காவின் மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை நிலத்தை, அவன் நேரில் பார்த்ததே இல்லை. ஆபீஸில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் இருக்கிற பூமி உருண்டையில் பார்த்து, படம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அந்தப் படத்தோடு அக்கா செஞ்சியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்.

"நாளான்னிக்கு குழி தோண்டறாங்க ரஞ்சனி. கெணத்தாண்ட மலையடியில பேனல நிறுத்தறானாம். மூணரைக்கெல்லாம் அங்க நெழலு வந்துடும். அப்புறம் தண்ணி எப்டி ஏறும்? கான்கிரீட் போட்டுட்டா அசைக்க முடியுமா?"

"எங்க நிறுத்தணும்னு சொல்றீங்க?"

"கெழக்கு வரப்புல. சொன்னா சிரிக்கிறான். 'ஏம்மா, மலை உங்க நெலத்துக்குக் கெழக்குல இருக்குது, காலைல மட்டுந்தான் நெழலு, கம்ப்யூட்டரே சொல்லுது, உங்களுக்கு இன்னா தெரியும்'ங்கிறான். நாப்பது வருசமா அந்த மலைக்குப் பின்னாலதான் சூரியன் எறங்குது. இவனுக்காக இடம் மாறிக்குமா?"

படத்தின் மூலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே ஒரு சின்ன வளையம். அதில் வடக்கைக் காட்டும் N என்ற எழுத்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த உருண்டைக்கு மேல், கீழ் என்று எதுவும் கிடையாது. நாம் எப்படித் திருப்பினோமோ அதுதான் மேல். பிரசாந்த் கை தவறிப் பாதிச் சுற்று திருப்பியிருக்கிறான். மேலே இருப்பது வடக்கு என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் தெரிந்த மேற்கு மலையைக் கிழக்கு என்று எழுதிவிட்டான்.

"நான் வந்து சொல்லட்டுமாக்கா?"

"நீ சொன்னா சென்டர்காரி கெளப்பி உட்டான்னுவான். அவன் பொட்டியிலயே நான் காட்டணும். கத்துக் குடு."

என் கம்ப்யூட்டரிலும் அந்த உருண்டையைத் திறந்தேன். அக்கா மவுஸைப் பிடித்து இழுத்து விட்டார். உருண்டை விர்ரென்று சுழன்றது.

"இது இன்னா ஊரு?"

"ஆப்பிரிக்கா."

"அவன இங்கயே எறக்கி உட்டுட்டு வந்துடலாமா?"

இழுக்கும் வேகத்திலேயே விரலை எடுத்தால் உருண்டை ஓடிக்கொண்டே இருக்கும். கையை நிறுத்திய பிறகு எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கும். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் திரையில் அம்பு எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கும். அதனால் முதலில் அம்பைக் கொல்லைமேல் வைக்க வேண்டும். சக்கரத்தை அமுக்கிக்கொண்டே தள்ளினால் பார்வை சாயும், தட்டையாகக் கிடந்த பாறை மலையாக எழுந்து நிற்கும். சூரியன் பொத்தானை அழுத்தி நேரத்தை நகர்த்தினால் வானத்தில் சூரியன் நகரும். கடைசியாக N விசை. அதை ஒரு தட்டு தட்டினால் வடக்கு மேலே வந்துவிடும்.

நான்கு முறை கடலில் விழுந்தார். ஐந்தாவது முறை தன் கிணற்றங்கரையில் இறங்கினார்.

குழி தோண்டும் நாள், காலை பத்து மணிக்கு நானும் கூடப் போனேன். மலையடியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பைக் சீட்டின்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பிரசாந்த் தோண்டும் ஆட்களுக்கு அதே தலைகீழ்ப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அத்த கொஞ்சம் குடு."

"பாத்தும்மா. கேம் ஆடற மிஷின் இல்ல இது."

"நீ ஆடினத பாத்துட்டுதான் வந்திருக்கேன். தள்ளு."

அக்கா N-ஐத் தட்டினார். கொல்லை அப்படியே அரைச் சுற்று திரும்பியது. மலை இடப்பக்கம் போய் நின்றது. அம்பைக் கொல்லைமேல் வைத்து இறங்கினார், சாய்த்தார், மலையைப் பார்த்துத் திருப்பினார், நேரத்தை மெதுவாக நகர்த்தினார். மூன்று நாற்பதுக்குச் சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

தோண்டும் ஆட்களில் ஒருவர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "இதுக்குத்தான் காலையிலயே கேட்டேன், சார், சூரியன் இப்ப எந்தப் பக்கம் இருக்குதுன்னு. 'வேலையப் பாரு'ன்னீங்க."

சூரியன் மலைக்கு எதிர்ப்பக்கம், கிழக்கில், பிரசாந்தின் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அவன் கூலிங் கிளாஸ் போட்டிருந்தான்.

"சாஃப்ட்வேர் அப்டேட் ஆயிருக்கும்மா."

"ஆமா, மலையும் அப்டேட் ஆயி இந்தப்பக்கம் வந்துடுச்சி. சுண்ணாம்புக் கோட்ட அழிங்கப்பா. கெழக்கு வரப்புக்கு வாங்க."

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆட்கள் கிழக்கு வரப்புக்கு நடந்துவிட்டார்கள். மதியத்துக்குள் அங்கே நான்கு குழிகளும் தயார்.

இரண்டு நாள் கழித்து பிரசாந்த் என் சென்டருக்கு வந்தான். கையில் பதினோரு கொல்லைகளின் படம். எல்லாவற்றிலும் N கீழே தொங்கியது.

"மேடம், சும்மா ஒரு டவுட்டு. இந்த N எதுக்கு?"

விளக்கிச் சொல்வதில் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. அன்றைக்கு மட்டும் வந்தது.

"சிங்கவரத்துல ஆண்டாள் அக்கா நல்லா சொல்லித் தருவாங்க. மூணு நாற்பதுக்கு முன்னாடி போங்க," என்றேன்.