ரேவன் கணவாய் இறக்கம்

மார்லிஸ் ஹாட்ச்கிஸ் ஒரு பிக்கப் வண்டியைப் பார்த்துவிட்டு "வாங்கலாம்" என்று சொல்லிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஷோரூமிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கிய புது வண்டியானாலும் சரி, பல கை மாறிய பழசானாலும் சரி, வாங்குகிறவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுப்பாள். அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பாள், துருவைச் சுரண்டுவாள், ஆயிலை விரலில் தேய்த்து முகர்வாள். கடைசியில் தானே ஓட்டிப் பார்ப்பாள். அந்தக் கடைசிப் பகுதி அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. தெரியாத வண்டி. பக்கத்து இருக்கையில், அதை எப்படியாவது தள்ளிவிட நினைக்கிற தெரியாத ஆள்.

அந்த வருடம் அக்டோபரில் ஒராலியா ட்ரூஹியோ அவளைக் கூப்பிட்டாள். ஒராலியா குதிரை வளர்க்கிறவள். வாராவாரம் குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, ரேவன் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துச் சந்தைக்குக் கொண்டுபோவாள். அவளுடைய பழைய வண்டி இன்ஜின் போய்க் கொட்டகையில் கிடந்தது. ட்வைட் கெசிங்கர் என்பவரின் பெரிய டீசல் பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

ட்வைட் ஒரு காலத்தில் ரோடியோ மைதானங்களில் ஓடுகிற காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்த்தவர். அதில் இடுப்பு நொறுங்கி, இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். அரிசோனாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதால் வண்டியை விற்கிறார் என்று சொன்னார்கள். அவருடைய முற்றத்தில் அந்த வெள்ளை வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. மார்லிஸ் அடியில் படுத்துப் பார்த்தாள். சட்டம் நேராக இருந்தது. துரு அதிகம் இல்லை. டயர்கள் நல்லவை. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஆயில் புதுசு போலத் தெளிவாக இருந்தது. டிரெய்லரின் மின்கம்பி செருகுகிற பிளக்கை மட்டும் யாரோ மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"இது எதுக்கு?" என்றாள்.

"மண் ரோட்டுல அதிருது மேடம். சும்மா ஒரு பாதுகாப்புக்கு," என்றார் ட்வைட்.

மார்லிஸ் கம்பியைப் பிரித்து, பிளக்கைத் துடைத்து, ஒராலியா இரவல் வண்டியில் இழுத்து வந்திருந்த டிரெய்லரை மாட்டிச் சோதித்தாள். விளக்குகள் எரிந்தன. அந்தக் கம்பி வழியாக வேலை செய்யும் டிரெய்லரின் பிரேக்கும் பிடித்தது. ட்வைட் குனிந்து, முனகிக்கொண்டே கம்பியை மறுபடி கட்டினார்.

"குதிரை வேண்டாம்," என்றாள் மார்லிஸ், ஒராலியாவிடம். "வைக்கோல் கட்டு ஏத்து. டிரெய்லர் நிறைய ஏத்து. கணவாய்ல ஏறி இறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நானும் வர்றேன். என் வண்டியாகப் போறது, அது எப்படி இழுக்குதுன்னு நான் பாக்க வேண்டாமா?"

"இன்னும் உன் வண்டி ஆகல."

"உன் முகத்தைப் பாத்தா ஆயிடும்னு தோணுது."

ஒராலியா பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். ட்வைட் முன்னால் மார்லிஸின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் வண்டி சிங்கம் மாதிரி ஏறியது. மார்லிஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபுறமும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாய்ப் பற்றி எரிவதுபோல நின்றன. ட்வைட் காலை நீட்டி உட்கார்ந்து, தான் எந்த ஊரில் எந்தக் காளையைச் சாய்த்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கணவாயின் உச்சியில் மார்லிஸ் நிறுத்தி, இறங்கி, சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. பிளக் இருந்த இடத்தில் இருந்தது.

"என்ன மேடம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்க," என்றார் ட்வைட்.

"மாப்பிள்ளை மோசமா இருந்தா விட்டுட்டு வந்துடலாம். இறக்கத்துல இதை விட்டுட்டு வர முடியாது," என்றாள் மார்லிஸ்.

இறங்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்து இறக்கம் மிகச் செங்குத்தானது. வளைவுக்கு மேல் வளைவு. வலதுபுறம் மலைச்சுவர், இடதுபுறம் எதிர்த் தடம், அதைத் தாண்டினால் பள்ளம். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சாலையிலிருந்து பிரிந்து மேல்நோக்கிப் போகும் சரளைத் தடங்கள் இரண்டு அந்த இறக்கத்தில் உண்டு. முழங்கால் ஆழத்துக்குச் சரளைக்கல் கொட்டி வைத்திருப்பார்கள். இரண்டாவதைத் தாண்டிவிட்டால் அப்புறம் எதுவும் இல்லை. அடிவாரத்தில் அந்த மாதம் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தடம்தான் திறந்திருந்தது. கொடி பிடிக்கும் ஆள் கைகாட்டும்வரை கார்கள் வரிசையில் காத்து நிற்கும்.

மார்லிஸ் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்கினாள். முதல் சில வளைவுகள் நன்றாகவே போயின. பிறகு ஒரு குலுங்கலில் முன்பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. டிரெய்லர் இணைப்பு இல்லை என்று அர்த்தம். அடுத்த கணமே பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. டிரெய்லரின் பிரேக் போய்விட்டது. வைக்கோல் ஏற்றிய அந்த எடை முழுவதும் இப்போது பிக்கப்பின் பிரேக்கின் மேல்.

"பிளக் கழண்டுடுச்சு," என்றாள்.

"அப்பப்ப அப்படித்தான். மறுபடி பிடிச்சுக்கும்," என்றார் ட்வைட்.

"அப்பப்பவா?"

ட்வைட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிறுத்திவிடத்தான் நினைத்தாள். ஒதுங்குவதற்கு இடமில்லை. அழுத்தி மிதித்தாள். வண்டி முனகி வேகம் குறைந்தது. முதல் சரளைத் தடத்தின் மஞ்சள் பலகை தெரிந்தது.

"மார்லிஸ், ஏத்திடு," என்றாள் ஒராலியா பின்னாலிருந்து.

"எதுக்கு? பிரேக் பிடிக்குதே," என்றார் ட்வைட். "அந்தக் கல்லுல ஏத்தினா அடிப்பாகமே போயிடும் மேடம். நான் இந்த மலையில எத்தனையோ தடவை இறங்கியிருக்கேன். பிடிக்கும்."

பெடல் உண்மையாகவே பிடித்துக்கொண்டுதான் இருந்தது. மார்லிஸின் கைகள் ஸ்டீயரிங்கில் அந்தப் பக்கமும் போகவில்லை, இந்தப் பக்கமும் போகவில்லை. அவள் முடிவெடுப்பதற்குள் தடத்தின் வாய் கடந்து போய்விட்டது.

அடுத்த வளைவில் வாடை வந்தது. பிரேக் கருகும் வாடை. வளைவு முடிந்து சாலை மறுபடி கீழே சாய்ந்தபோது அவள் மிதித்தாள். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. இன்னொரு முறை மிதித்தாள். கால் தரையில் போய் இடித்தது. வண்டி எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருந்தது.

பயம் என்றால் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி இல்லை. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது அடைத்து, இன்ஜின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. கால் மட்டும் தானாக மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றாள். "பிரேக் இல்ல."

கியரை இன்னும் கீழே தள்ளினாள். அந்த வேகத்தில் வண்டி அதை ஏற்க மறுத்தது. நிறுத்தி வைக்கும் பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரங்கள் கீச்சிட்டன, புகை வந்தது, வேகம் குறையவில்லை. வளைவில் டிரெய்லர் இடதுபக்கம் இழுத்தது. எதிரே ஏறி வந்த கார் ஒன்று ஹாரனை அலறவிட்டு மயிரிழையில் கடந்து போனது.

பின்னால் ஒராலியா ஸ்பானிஷில் ஜெபித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஜெபத்தை நிறுத்தி, "பெரியவரே, இதுக்குள்ள என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினாள்.

ட்வைட் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்திருந்தார். "டப்பாவுல மேலாப்புல இருந்த பிரேக் ஆயிலை மட்டும் உறிஞ்சிட்டுப் புதுசு ஊத்தினேன்," என்றார். "பாக்க நல்லா இருக்கட்டும்னு. உள்ள இருக்கிறது பழசுதான். இப்படி ஆகும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

மார்லிஸுக்கு எல்லாம் புரிந்தது. குழாய்களுக்குள் இருந்த பழைய ஆயில் தண்ணீர் கோத்துக் கிடந்திருக்கிறது. சூடு ஏறியதும் அது கொதித்து ஆவியாகி, பெடலை மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் செய்துவிட்டது. புரிந்து என்ன பயன்? கீழே, மரங்களின் இடைவெளியில், அடிவாரம் தெரிந்தது. சாலையில் வரிசையாகக் கார்கள் நின்றிருந்தன. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பள்ளிப் பேருந்து.

அதைப் பார்த்ததும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது தடத்தின் பலகை வந்தது.

"ஏத்துறேன்," என்றாள்.

"ஏத்துங்க மேடம்," என்றார் ட்வைட். "வண்டி எக்கேடும் கெட்டுப் போகட்டும். ஏத்துங்க."

வளைவைத் திரும்பினாள். தடத்தின் வாயில் ஒரு கேம்பர் வேன் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு மனிதர், கையில் நாய்க்கயிறு. நாய் சாவகாசமாகக் கல்லை முகர்ந்துகொண்டிருந்தது.

மார்லிஸ் ஹாரனை அழுத்திப் பிடித்தாள். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முகம் தெரிகிற தூரம் வந்துவிட்டது. சிவப்புத் தொப்பி போட்டிருந்தார். சட்டென்று நாயை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலைச்சுவர்ப் பக்கம் ஓடினார். வேனுக்கும் தடத்தின் இடதுபக்க மண்திட்டுக்கும் இடையே ஒரு வண்டி போகும் இடம் இருந்ததா இல்லையா என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. அங்கேதான் திருப்பினாள்.

வேனின் கண்ணாடி தெறித்துப் பறந்தது. பிக்கப்பின் ஒரு பக்கம் முழுவதும் தகரம் கிழிபடும் சத்தம். பிறகு சக்கரங்கள் சரளைக்குள் இறங்கின. ஆற்றுக்குள் பாய்ந்தது போல முன்பக்கம் அமிழ்ந்தது. கற்கள் கண்ணாடியில் மழையாக அடித்தன. இருக்கை வார் அவள் நெஞ்சை நெரித்தது. பின்னால் டிரெய்லர் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாயப் பார்த்தது, சாயவில்லை. வண்டி நின்றது.

தூசி மெல்லப் படிந்தது. இன்ஜினை அணைக்க வேண்டும் என்று மார்லிஸுக்குத் தெரிந்தது. சாவியிடம் கை போகவில்லை. ட்வைட்தான் எட்டி அணைத்தார்.

"ஒராலியா?" என்றாள்.

"இருக்கேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "உதடு கிழிஞ்சிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. இருக்கேன்."

சிவப்புத் தொப்பிக்காரர் நாயை இறுக்கிக்கொண்டே ஓடி வந்தார். "உங்களுக்கு அறிவு இருக்கா? கண்ணு தெரியலையா?" என்று கத்திக்கொண்டே வந்தவர், சக்கரங்களிலிருந்து எழும் புகையைப் பார்த்தார். கீழே நிற்கிற கார் வரிசையையும் பார்த்தார். அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டார். "நாய்க்கு வயிறு சரியில்ல," என்றார். "ஒரு நிமிஷம்தான் நிறுத்தினேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ட்வைட் கதவைத் திறந்து, இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய் மார்லிஸின் பக்கம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த பிளக் முன்னாடியே ரெண்டு மூணு தடவை விட்டிருக்கு," என்றார். "காலி டிரெய்லர்ங்கிறதால ஒண்ணும் ஆகல. சொன்னா வாங்க மாட்டீங்கன்னு சொல்லல."

மார்லிஸ் அவரைத் திட்ட நினைத்தாள். வாயைத் திறந்தபோது அழுகைதான் வந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல், அவர் எதிரிலேயே அழுதாள். ஒராலியா இறங்கி வந்து, கிழிந்த உதட்டைச் சட்டைக் கையால் அழுத்திக்கொண்டே, இன்னொரு கையால் அவள் முதுகைத் தடவினாள்.

போலீஸ் வந்தது. இழுவை லாரியும் வந்தது. அதன் ஓட்டுநர், முன்னிருக்கையில் இடம் இருக்கிறது, ஏறுங்கள் என்றார். மார்லிஸ் படியில் கால் வைத்தாள். சாலை இன்னும் கீழ்நோக்கித்தான் போனது. காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"நான் நடந்து வர்றேன்," என்றாள்.

"மேடம், அடிவாரம் ஒரு மைலுக்கு மேல இருக்கு," என்றார் போலீஸ்காரர்.

"இருக்கட்டும்."

"நானும் நடக்குறேன்," என்றார் ட்வைட்.

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டா?" என்றாள் ஒராலியா.

"என்னாலயும் ஏற முடியல." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் சாலையோரமாக நடந்தார்கள். பின்னால் போலீஸ் கார் விளக்கைச் சுழலவிட்டு அவர்களோடு ஊர்ந்து வந்தது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் மார்லிஸ் மலைச்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ட்வைட் காலை இழுத்து இழுத்து வந்தார், ஒருமுறை கூட நிற்கவில்லை. வழியில் கைபேசி அடித்தது. அரிசோனாவிலிருந்து மகள்.

"இல்லம்மா, விக்கல," என்றார் அவர். "யாருக்கும் விக்கப் போறதில்ல. பழைய இரும்புக்கு நசுக்கச் சொல்லிடுவேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அடி ஒண்ணும் இல்ல. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. நான் இனி ஓட்ட மாட்டேன்."

அடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று பேரின் கரண்டிகளும் கிண்ணத்தில் இடித்து இடித்துச் சத்தம் போட்டன. பரிமாறிய பெண் ஒராலியாவின் உதட்டைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றாள்.

"வண்டி பாக்கப் போனோம்," என்றாள் ஒராலியா.

"வாங்கிட்டீங்களா?"

ஒராலியா மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸ் இல்லை என்று தலையசைத்தாள். வெளியே கொடிக்காரர் கைகாட்ட, மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்று ஜன்னலைக் கடந்து மெதுவாக மலையேறிப் போனது. அது கண்ணில் மறையும்வரை மூன்று பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.