நீலமேகத்தின் வலது விலா

பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போன ஆண்டு அது. கோட்டைக்குப்பத்து ஆண்களில் பாதிப் பேர் மீன்பிடியை விட்டுவிட்டு, கோட்டைச் சாமான்களைப் படகில் ஏற்றிக் கப்பலில் சேர்க்கும் வேலைக்குப் போனார்கள். நீலமேகமும் போனான். முகத்துவாரத்துக்கு வெளியே ஓர் அலை படகைத் தூக்கிக் கப்பலோடு மோதவிட்டபோது, அவனுடைய வலது விலா நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

அன்று அவன் சாகவில்லை. இரத்தம் துப்பினான். நாட்டு வைத்தியர் எலும்பு முறிந்த இடத்தில் பற்றுப் போட்டு, துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். வலி மெல்லக் குறைந்தது. எழுந்து நடமாடக்கூடத் தொடங்கினான். அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது. பொழுது சாயும் வேளையில் உடம்பு தூக்கிப் போட்டது. நாளாக ஆக மூச்சு தொண்டைக்கு மேலேயே நின்றது. படுத்தால் முட்டியது. சுவரில் சாய்ந்தால் விலா வலித்தது. அதனால் அவன் மனைவி லோகநாயகி, அவன் முதுகோடு தன் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவன் கண்ணயரும் நேரத்தில் அவள் விழித்திருக்க வேண்டும். அவளும் அயர்ந்தால் இருவருமாகச் சரிவார்கள்.

விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போவாள். வந்து கஞ்சி காய்ச்சுவாள். பிறகு மறுபடி அந்த முதுகு. ஒரு மத்தியானம் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போது, இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வருத்தப்படவும் அவளிடம் தெம்பில்லை.

கோட்டையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்த தேவதாஸ் அன்று கப்பல் மேலிருந்து விபத்தைப் பார்த்தவர். ஆள் இன்னும் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, உலாந்தாக்காரரான கோட்டை வைத்தியரை அழைத்துக்கொண்டு குப்பத்துக்கு வந்தார். வைத்தியர் கிழவர். மணலில் நடந்து வந்ததில் கால் வீங்கி, வாசலில் சற்று நேரம் நின்ற பிறகே குனிந்து உள்ளே வந்தார்.

நீலமேகத்தின் பின்னால் உட்கார்ந்து இரண்டு விலாவிலும் உள்ளங்கைகளை வைத்தார். மூச்சு விடச் சொன்னார். இடது கை ஏறி இறங்கியது. வலது கை கல்லின் மேல் வைத்தது போல அசையாமல் இருந்தது. அந்தப் பக்கம் எலும்புகளுக்கு நடுவே பள்ளமாக இருக்க வேண்டிய இடங்கள் புடைத்திருந்தன. முதுகில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"உள்ள சீழ் கோத்துக்கினு இருக்குதாம். நுரையீரலு அதுல நசுங்கிக் கெடக்குது. விலாவுல வெட்டி வெளியே வுடணும்னு சொல்றாரு" என்றார் தேவதாஸ்.

நீலமேகத்தின் தம்பி கோதண்டம் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "மூச்சு இருக்கிற எடத்துல ஓட்டை போட்டா மூச்சு போயிடாதா? இன்னா பேச்சு இது?"

தேவதாஸ் அதை மாற்றிச் சொன்னதும் வைத்தியர் கோட்டைச் சமையற்கட்டுக்கு ஆள் அனுப்பி, அன்று அறுத்த ஆட்டின் நுரையீரலை மூச்சுக்குழலோடு வரவழைத்தார். குழலில் ஒரு நாணல் தண்டைச் செருகி ஊதினார். சுருங்கிக் கிடந்த சதை வெளுத்து, இளஞ்சிவப்பாகி, தாம்பாளம் நிறைய உப்பியது. வாயை எடுத்ததும் அடங்கியது. பிறகு அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஊதினார். உப்பவில்லை. கையைக் காட்டி, "இது சீழ்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலிருக்கிறது.

கோதண்டம் வாசலை விட்டு நகர்ந்தான்.

"இன்னொண்ணும் சொல்றாரு, லோகநாயகி" என்றார் தேவதாஸ். "ஒரேயடியா எல்லாத்தையும் எடுத்தா ஆளு தாங்க மாட்டான். சின்னக் குழாய் ஒண்ணு வெச்சி, நாளுக்குக் கொஞ்சமா வுடணும். அவன் மூச்சை வெளிய வுடறப்போ அடைப்பைத் தொறக்கணும். உள்ள இழுக்கறதுக்குள்ள மூடணும். இல்லேன்னா காத்து பூந்துடும். கப்பல் கெளம்பப் போவுது, அவரு இருக்க மாட்டாரு. நீதான் செய்யணும்."

"வேற யாரும் செய்ய மாட்டாங்களா, ஐயா?"

தேவதாஸ் அதை மொழிபெயர்த்தார். வைத்தியர் அவள் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"நீ களைச்சிப் போயிருக்கேன்னு அவருக்குத் தெரியுதாம்."

"தெரிஞ்சி இன்னா பண்றது" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுய்யா. உன் ஒடம்பு."

அவனால் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் பேச முடிந்தது. "வெட்ட... சொல்லு."

லோகநாயகி அவனைத் தன் தோள்களில் கை போட்டுக்கொள்ளச் செய்து, முன்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வைத்தியர் விரலால் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கீழே வந்தார். ஒவ்வொரு விலா எலும்புக்கும் அடியில் ஒட்டினாற்போல் இரத்தக் குழாய் ஓடுகிறது, அதனால் கீழெலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் கத்தி போக வேண்டும் என்று தேவதாஸ் சொல்லிக்கொண்டிருந்தார். நீலமேகத்தின் நகங்கள் அவள் தோளில் இறங்கின. அழுகிய நாற்றம் குடிசையை நிறைத்தது. கோதண்டம் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வைத்தியர் மட்டும் பீங்கான் கிண்ணத்தில் விழும் சீழின் நிறத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, குழாயைச் செருகி அடைத்தார்.

கப்பல் போன பிறகு காலை வேலை அவளுடையதாயிற்று. முதலில் அவன் முதுகில் ஒரு கையை வைத்து மூச்சை அறிந்து செய்தாள். பிறகு பழகியது. அவன் வாய் திறக்காமலே, முதுகு இறங்குவதைப் பார்த்து அடைப்பை எடுப்பாள், மூடுவாள். எண்ணெய்த் துணியை மாற்றுவாள். அதன் பிறகுதான் கூடை.

ஒருநாள் அவனுக்குக் கடுமையாக இருமல் வந்தது. குழாய் தெறித்து விழுந்தது. அடுத்த மூச்சை அவன் இழுத்தபோது வாய்க்குப் பதிலாக விலா இழுத்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். உதடு கறுத்தது. அவள் உள்ளங்கையை அந்த ஓட்டையின் மேல் அறைந்து அழுத்தினாள். கைக்கு அடியில் ஒவ்வொரு மூச்சும் தோலைக் கவ்வி இழுப்பது தெரிந்தது. கையை எடுக்கவும் பயம், எழுந்து போய் யாரையும் கூப்பிடவும் முடியாது. கோதண்டம் வலையோடு திரும்பி வந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா அண்ணி?"

"அந்தக் கொழாயைக் கழுவிக் குடு. அப்புறம் எனக்குத் தண்ணி."

நீலமேகம் மூச்சை வெளியே விட்ட நேரம் பார்த்துக் குழாயைத் திரும்பச் செருகினாள்.

சீழ் நீர்த்தது. பிறகு நின்றது. குழாயை எடுத்த இடம் மெல்ல மூடிக்கொண்டது. ஆனால் நசுங்கிய நுரையீரல் முழுதாக விரியவில்லை போலிருக்கிறது. வலது விலா உள்ளே குழிந்து, தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அலையை எதிர்த்துத் துடுப்புப் போட இனி அவனால் ஆகாது என்பது கரைக்குப் போய் ஒருமுறை முயன்று பார்த்ததிலேயே தெரிந்துபோயிற்று.

அன்று திரும்பி வந்து கேட்டான். "எதுக்கு இத்தனை பாடு பட்டே?"

அவள் மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தெரியல. காலையில எழுந்தா அந்த வேலை இருந்துச்சு. செஞ்சேன்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மீனை எடுத்துச் சுத்தம் செய்யத் தொடங்கினான்.

மழைக்காலம் முடிந்ததும் இருவரும் பழவேற்காட்டு ஏரியில் இரை கட்டிய நண்டுக் கயிறு போடப் போனார்கள். ஏரியில் அலை இல்லை. அவள் கோல் ஊன்றித் தள்ள, அவன் முன்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்தான். பொம்பளை படகு தள்ளுகிறாள் என்று குப்பத்தில் பேசினார்கள். பேசுகிறவர்களிடம் சண்டைக்குப் போக அவளுக்கு நேரமில்லை. கொஞ்ச தூரம் இழுத்ததும் அவனுக்கு மூச்சு இளைக்கும், நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவான். அவள் கோலைச் சேற்றில் ஊன்றி நிறுத்திவிட்டு, அதன் மேல் தலையைச் சாய்த்து நிற்பாள்.

"போலாமா?" என்பான்.

"இரு. கொஞ்சம் நிக்கலாம்" என்பாள்.