இடது காலில் பத்து விநாடி

கோல்ஃப் கற்றுக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான், ஆனால் எங்கள் வீட்டில் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். என் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவருடைய அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாத்தனாரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன், அவர் என்னைக் 'கோச்சு' என்பார். அக்கா தம்பி இருவருக்குமே நான் வெட்டவெளியில் பந்தை அடித்துத் தொலைக்கச் சம்பளம் வாங்குகிறவள்.

எட்டு மாதத்துக்கு முன் அண்ணி பேருந்துப் பணிமனைப் படிக்கட்டில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. முட்டி நன்றாக ஆறிவிட்டது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். ஆனாலும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டுமென்றால் பணிமனை டாக்டரிடம் தேறவேண்டும். எதையும் பிடிக்காமல், இடது காலில் மட்டும், பத்து விநாடி நிற்கவேண்டும். முதல் தடவை அண்ணி நாலாவது விநாடியிலேயே மேஜையைப் பிடித்துவிட்டார். இரண்டாம் தடவையும் தவறினால் பயணிகளின் புகாரை எழுதிக்கொள்ளும் ஜன்னலுக்குப் பின்னால் நிரந்தரமாக உட்கார்த்திவிடுவார்கள்.

"ஆட்டோமேட்டிக் வண்டியில இடது காலுக்கு என்ன வேலை? இருபத்தோரு வருஷமா அது சும்மா உட்கார்ந்தே சம்பளம் வாங்குது. அதுக்குப் போய்ப் பரீட்சையாம்!" என்று சாப்பாட்டு மேஜையில் பொரிந்து தள்ளினார்.

"வண்டியில புகை வந்தா எறங்கி ஓடி ஜனங்களை எறக்கணுமில்லக்கா. அதுக்கு ரெண்டு காலும் வேணுமே" என்றார் என் கணவர்.

அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். எதற்கும் அசையாத மனுஷி. பேருந்தின் முன் கண்ணாடி நொறுங்கி மடியில் விழுந்தபோதுகூட, ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் தட்டிவிட்டவர். அவர் சாப்பிடாமல் எழுந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. சும்மா கிடந்த சங்கை எடுத்து நானே ஊதினேன்.

"என்கிட்ட விடுங்க அண்ணி. கோல்ஃப்ல பாதி வித்தையே எடையை இடது காலுக்கு மாத்துறதுதான். மூணே வாரம். நிக்க வைக்கிறேன்."

"வாய் இருக்கே வாய்" என்றார் என் கணவர். ஆனால் அண்ணி கிளம்பிவிட்டார்.

எங்கள் பயிற்சி மைதானம் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. வரிசையாகப் பச்சைப் பாய்கள், பாய்க்குப் பாய் தடுப்பு, எதிரே தூரம் எழுதிய பலகைகள். காப்பி இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெந்நீர் வரும். நான் சொல்லிக்கொடுப்பது எளிய விஷயம்தான். மட்டை பின்னால் போகும்போது எடை வலது காலுக்குப் போகட்டும். மட்டை உச்சிக்குப் போய்ச் சேரும் முன்னாலேயே எடை இடது பக்கம் கிளம்பிவிட வேண்டும். கை அதற்குப் பிறகுதான் இறங்கவேண்டும். அடித்து முடித்தால் உடம்பு மொத்தமும் இடது காலில் நிற்கும், வலது காலைத் தூக்கிவிட்டுக்கூட நிற்கலாம்.

அண்ணியின் உடம்பு இதைக் காது கொடுத்தே கேட்கவில்லை. மட்டையைத் தூக்குவார், எடை வலது காலுக்குப் போகும், அங்கேயே கூடாரம் போட்டுவிடும். கை மட்டும் தனியாக வந்து அடிக்கும். பந்து பாயைவிட்டு இறங்கி நாலடி உருளும், அண்ணி பின்பக்கமாக இரண்டடி தள்ளாடுவார். "இடது கால், இடது கால்" என்று நான் கத்தக் கத்த அவர் கண் குனிந்து முட்டிக்குப் போகும். முட்டியைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு விறைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

எனக்குப் பொறுமை கம்மி. அது ஊரறிந்த விஷயம். இரண்டாவது வாரக் கடைசியில் வாய் தவறிவிட்டது.

"ஆறின கால்தானே அண்ணி! கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அதைத் தூக்கி வெச்சுக்கிட்டே இருந்தா எப்படி? அப்புறம் புகார் ஜன்னல்லதான் உட்காரணும்."

அண்ணி மட்டையைச் சத்தமில்லாமல் பாயில் வைத்தார். "நீ சொல்லிக்குடுக்கிறியா, குத்திக் காட்டுறியா?"

சட்டென்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தில் நாக்கைக் கடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. ஒரே வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை கோபித்தாலும் ஒரே பேருந்தில்தான் ஏறியாக வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அருகருகே உட்கார்ந்தோம், ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

ஓட்டுநர் புதியவன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி குதித்துக் கிளம்பியது. கைப்பையோடு நின்ற ஒரு பெரியவர் என் தோளில் வந்து விழுந்தார். மூன்றாவது குதியில் அண்ணியால் பொறுக்க முடியவில்லை, என்னோடு பேசுவதில்லை என்பதையும் மறந்துவிட்டார்.

"பாத்தியா இவனை? கை ப்ரேக்கை முழுசா விடலை, அதுக்குள்ள ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். ஆட்டோமேட்டிக் வண்டியில ப்ரேக்கை விட்டாலே வண்டி தானா நகரும். நகர்ந்தப்புறம்தான் மிதிக்கணும். நகராத வண்டியை மிதிச்சா ஜனங்க விழாம என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வாரமாக நான் தொண்டை கிழியக் கத்தியதை இந்த அம்மாள் நாலு வரியில் சொல்லிவிட்டார்.

"அண்ணி, நீங்களும் அதையேதான் பண்றீங்க."

"என்னது?"

"உங்க வலது கால்தான் ப்ரேக். கைதான் ஆக்சிலேட்டர். ப்ரேக்கை விடாமயே மிதிக்கிறீங்க. அதான் பின்னாடி தள்ளாடுறீங்க."

அண்ணி என்னை முறைத்தார். பிறகு புதியவனின் முதுகை முறைத்தார். "நானா? இவனை மாதிரியா?" என்று கேட்டார். முட்டியில் ஜவ்வு கிழிந்ததைக் கூடத் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கு" என்றார்.

எதிர்ப்புறம் போய்த் திரும்புகிற பேருந்தைப் பிடித்தோம். அதே பாய், அதே மட்டை. நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணி மட்டையைத் தூக்கினார். உச்சிக்குப் போகும் முன்னாலேயே வலது கால் இளகியது, இடுப்பு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. "நகர்ந்துடுச்சு" என்று அவர் வாய் முணுமுணுத்தது. அப்புறம்தான் கை இறங்கியது.

பந்து போட்ட சத்தம் வேறு சத்தம். தொண்ணூறு என்று எழுதிய பலகையைத் தாண்டி விழுந்தது. அண்ணி நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வலது காலின் நுனி மட்டும் பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"விழுந்து உருண்டு நிக்கிற வரைக்கும் பாருங்க அண்ணி. வலது காலைத் தூக்கிக்கிட்டே பாருங்க. எவ்வளவு தூரம்னு நீங்கதான் சொல்லணும்."

அன்றிலிருந்து அதுதான் வேலை. பந்தைப் பார்க்கவேண்டியது அண்ணி, மனசுக்குள் விநாடியை எண்ணவேண்டியது நான். முதல் நாள் ஐந்து. மூன்றாம் நாள் எட்டு. ஐந்தாம் நாள் ஒரு பந்து பலகையில் பட்டுத் திரும்பி உருண்டது, நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கண் முட்டிக்குப் போய்விடும்.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். பணிமனையின் மாடியில் சின்ன அறை. ஒரு மேஜை, எடை பார்க்கும் இயந்திரம், முற்றத்தைப் பார்த்த ஜன்னல். நான் கதவோரம் நின்றேன். டாக்டர் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"எதையும் பிடிக்காம நில்லுங்கம்மா. இடது கால்."

அண்ணி குனிந்து முட்டியைப் பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன பார்வை! அவர் விரல்கள் மேஜைப் பக்கம் நகர்ந்தன. கத்தலாம் என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அப்போது கீழே முற்றத்தில் ஒரு பேருந்து உறுமியது. அண்ணியின் தலை தானாக நிமிர்ந்தது. யார் எடுக்கிறான், எப்படி எடுக்கிறான் என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ப்ரேக் விடுபடும் 'புஸ்' சத்தம் கேட்டது. வண்டி மெல்ல நகர்ந்தது. அண்ணியின் இடுப்பும் அதோடு நகர்ந்தது. வலது கால் தரையைவிட்டு எழுந்தது.

நான் எண்ணினேன். நாலு. ஐந்து. வண்டி வரிசையிலிருந்து வெளியே வந்து திரும்பியது. எட்டு. ஒன்பது. அண்ணி அசையவில்லை.

"பத்து. போதும்மா, காலைக் கீழ வைங்க" என்றார் டாக்டர்.

அண்ணி ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கால் இன்னும் காற்றில்தான் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்" என்றார். "அந்த வண்டி கேட்டைத் தாண்டட்டும்."