மருமகன் கேட்காமல் எடுத்தது

எபேலி மறுபடியும் சர்வரை அணைத்துப் போட்டபோது மனோவா தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல் சாப்பிட்டான். அடுத்த மேஜையில் அத்தை மகன் எபேலிக்கு வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் உருளைக்கிழங்கு மசாலா இன்னும் கொஞ்சம் ருசிக்கத்தான் செய்கிறது.

"சரியாயிடுச்சு மேடம்! இந்த தடவ நிஜமாவே சரியாயிடுச்சு!" என்று எபேலி உள்ளறைப் பக்கம் கத்தினான்.

சரியாகத்தான் இருந்தது, அடுத்த போன் வரும்வரை. போனில் ஒரு கன்னியாஸ்திரீ. கண்டாவுத் தீவுக்குத் தனியாகப் போகிறவர். அவர் டிக்கெட்டில் அவர் பெயருக்கு மேலே ரக்பி விளையாடும் பையன்கள் ஆறு பேரின் பெயர்கள் வரிசையாக நின்றன. அவருக்குப் பின்னால் டிக்கெட் எடுத்த மீன் வியாபாரிக்கு அந்த ஆறு பையன்களோடு கன்னியாஸ்திரீயும் சேர்ந்து வந்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிற சமயம். தலைநகர் சுவாவில் இருக்கிற தீவுக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் பாயும் பெட்டியுமாகத் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கேப்டன் சகியூசாவின் கப்பல்களுக்கு டிக்கெட் விற்கும் இணையதளம் இந்த அலுவலகத்தில்தான் பைத்தானில் எழுதப்பட்டது. நடத்துபவர் ரோஷ்னி நாய்க்கர். தலைமை எபேலி. அவனுக்குக் கீழே மனோவா. கூட்டத்தைச் சமாளிக்கவென்று நேற்று ராத்திரிதான் எபேலி புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தான். தனி ஆள் தன் பெயரை மட்டும் போட்டால் போதும், டிக்கெட் வந்துவிடும். வந்தது, ஊரையே கூட்டிக்கொண்டு. பயணிகள் பட்டியலும் கப்பலில் ஏறி நிற்கிற தலைகளும் ஒத்துப்போகாமல் துறைமுக அதிகாரிகள் கப்பலை விடமாட்டார்கள். பட்டியலின்படி கண்டாவுக் கப்பலில் இன்றைக்குப் பாதி சுவா ஏறியிருந்தது.

எபேலி முதலில் பிரவுசரைக் குறை சொன்னான். பழைய பக்கம் தேங்கி நிற்கிறது, துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று எல்லாருக்கும் போனில் பாடம் எடுத்தான். அடுத்து டேட்டாபேஸில் தேடினான். அங்கே ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆள் என்று ஒழுங்காகத்தான் பதிவாகியிருந்தது. அவன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் இல்லை. சர்வரில் ஒருமுறை திறந்தால் நாற்பது பெயர், உடனே மறுபடி திறந்தால் பன்னிரண்டு. பேய் புகுந்ததுபோல இருந்தது அவனுக்கு.

"என்ன மச்சான், வேடிக்கையா பாக்கற? உங்கப்பன் தோட்டத்துல யங்கோனா வேர் புடுங்கற வேலைன்னு நெனச்சியா?" என்றான் எபேலி.

"நான் என்ன மச்சான் பண்ணட்டும்? நீ எழுதின புரோகிராம். என் கை பட்டு ஏதாவது ஆயிட்டா?"

"அதுவும் சரிதான். கண்டாவுக்காரன் கை பட்டா ஓடற கப்பலும் நின்னுடும்."

இருவரும் சிரித்தார்கள். இந்த ஊரில் மச்சான் கேலி செய்தால் சிரித்தே ஆகவேண்டும். முகம் சுளித்தவன் தோற்றான். மனோவா இரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

கண்டாவில் அவன் அப்பா யங்கோனா என்கிற பானத்துக்கான வேரைப் பயிரிட்டு விற்றுத்தான் அவனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அதில்தான் அவன் பைத்தான் கற்றான். தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் எடுக்க ஒரு புரோகிராமைச் சொந்தமாக எழுதி முக்கால்வாசி முடித்திருந்தான். அப்போது ஈஸ்டர் விடுமுறைக்கு எபேலி வந்தான். லேப்டாப் மூடியைத் தடவிப் பார்த்து, "மாமா, இது நல்லாருக்கே" என்றான். அவ்வளவுதான். சகோதரி மகன் ஒரு பொருளை நல்லாருக்கு என்று சொல்லிவிட்டால் தாய்மாமன் அதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்பவன் மாமனே இல்லை. அப்பா சிரித்துக்கொண்டே கொடுத்தார். மனோவாவும் சிரித்தான். அடுத்த மாதமே எபேலி அந்தப் புரோகிராமை ரோஷ்னியிடம் காட்டி வேலை வாங்கிவிட்டான். நிரலின் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், எழுதியவர் எபேலி என்று போட்டிருந்தான். பின்னால் அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மனோவா தன் பிள்ளைக்கே தான் ஆயாவாக வந்திருப்பதைக் கண்டான். வாயைத் திறந்தால், மருமகப்பிள்ளைக்குக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறான் என்று ஊரே காறித் துப்பும்.

இன்று காலை முதல் டிக்கெட்டைப் பார்த்ததுமே அவனுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. புரியாமல் எப்படி இருக்கும்? அந்த வரியை எழுதியவனே அவன்தான். கற்றுக்குட்டியாக இருந்தபோது செய்த தப்பு. சொன்னால் அரை நிமிஷ வேலை. சொல்லவில்லை. அவனுக்குப் பதவி வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'இதை நான் எழுதவில்லை' என்ற ஒரு வாக்கியம் எபேலியின் வாயிலிருந்தே, நாலு பேர் முன்னால் வரவேண்டும். புகழ் வரும்போது அவன் அதைச் சொல்லமாட்டான். உதை விழும்போது சொல்வான்.

மத்தியானம் கேப்டனிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று பேரும் வேனில் ஏறி வலு பே துறைமுகத்துக்குப் போனார்கள். மழை வெளுத்து வாங்கியது. மாடியில் கேப்டனின் அறை ஜன்னல் வழியே கப்பல் தெரிந்தது. தார்ப்பாய்க்கு அடியில் ஜனங்கள் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு ஒண்டியிருந்தார்கள்.

"யாரு பேசப்போறீங்க?" என்றார் கேப்டன் சகியூசா. உட்காரச் சொல்லவில்லை.

"டேட்டாபேஸ்ல ஒரு சின்ன…" என்று எபேலி ஆரம்பித்தான்.

"காலைல பிரவுசருன்ன. அப்புறம் சர்வருன்ன. இப்ப டேட்டாபேஸு. அடுத்தது என்ன, மழையா?"

ரோஷ்னி திரும்பிப் பார்த்தார். "மனோவா, உனக்காவது ஏதாவது தெரியுதா?"

மனோவா எபேலியின் பையிலிருந்த லேப்டாப்பை எடுத்துத் திறந்தான். நேராக அந்த வரிக்குப் போனான். தேடுவதுபோல நடிக்கக்கூட இல்லை.

"கேப்டன், உங்க வீட்டுக்கு யங்கோனா குடிக்க ஆளுங்க வராங்கன்னு வெச்சுக்குங்க. சில பேர் கிண்ணம் கொண்டு வருவாங்க. கொண்டு வராதவங்களுக்கு வீட்டுக் கிண்ணம். இந்த வரி அதத்தான் சொல்லுது, கிண்ணம்னா பேர் எழுதற பட்டியல். ஆனா அந்த வீட்டுக் கிண்ணத்த பைத்தான் ஒரே ஒரு தடவதான் செய்யும், புரோகிராம் கெளம்பும்போது. அப்புறம் எத்தன பேர் வந்தாலும் அதே கிண்ணம்தான். யாரும் கழுவறதில்ல. முன்னாடி வந்தவன் விட்டுட்டுப் போனது, பின்னாடி வர்றவன் பங்குல கலந்துடுது. பேருங்க அப்படித்தான் சேருது."

"இத்தன நாள் இல்லாம இன்னிக்கு என்ன?"

"பழைய பக்கமெல்லாம் கிண்ணத்த தானே கொண்டு வந்துடும். எபேலி போட்ட புதுப் பக்கம் வெறுங்கையோட வருது."

"அணைச்சுப் போட்டா சரியாகுதே?" என்றார் ரோஷ்னி.

"அணைச்சா கிண்ணம் ஒடஞ்சு புதுசு வருது மேடம். இந்த லேப்டாப்ல ஒவ்வொரு திருத்தத்துக்கும் புரோகிராம் தானா அணைஞ்சு எழுந்திரிக்கும், அதான் இங்க எப்பவும் சுத்தம். சர்வர்ல இதே புரோகிராம் நாலா ஓடுது. நாலு பேர் தனித்தனியா உக்காந்து கலக்கறாங்க, நாலு கிண்ணம். நமக்கு எவன் ஊத்தறானோ அவன் கிண்ணத்துல இருக்கற கூட்டம் நமக்கு வருது."

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது. "கழுவாத கிண்ணத்துல ஊத்தினவன் யாரு?"

மனோவா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தான். பக்கத்தின் உச்சியில் எபேலியின் பெயர் இருந்தது.

"இதே ரூம்ல நின்னுதான சொன்ன, எல்லாத்தையும் ஒண்டியா எழுதினேன்னு? நான் கூட கைதட்டினேன்." கேப்டன் ரோஷ்னியைப் பார்த்தார். "இவனையா தலைமையா வெச்சிருக்க? இத எழுதினவன் இனிமே என் கப்பல் நிழல்ல கூட நிக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

எபேலி கழுத்தைத் துடைத்துக்கொண்டான். வலிய ஒரு சிரிப்பை வரவழைத்தான். "மச்சான், இதுல நீயும் கைய வெச்சேல்ல?"

"நான் எங்க மச்சான் வெச்சேன்? உன் பேருதான இருக்கு. நான் உனக்குக் கீழ வேல பாக்கறவன்." மனோவா வாய் நிறையச் சிரித்தான்.

"இல்ல கேப்டன்… இந்த வரி… இத நான் எழுதல."

மனோவாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"பின்ன யாரு?" என்றார் கேப்டன்.

"இவன்தான்."

"எப்ப எழுதினான்?"

"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"அப்பவே அவன் எழுதினது உன் பேருல எப்படி வந்துச்சு?"

எபேலி ரோஷ்னியைப் பார்த்தான். உதவி வரவில்லை. "லேப்டாப்ல இருந்தது. லேப்டாப்ப மாமா குடுத்தாரு கேப்டன். முறையாத்தான் கேட்டேன். மருமகப்பிள்ள கேட்டா…"

"முறை எனக்கும் தெரியும். லேப்டாப்பக் கேட்ட. உள்ள இருந்ததக் கேட்டியா?"

எபேலி தலை குனிந்தான்.

"கேட்டு எடுத்தா மருமகன். கேக்காம எடுத்தா திருடன்" என்றார் கேப்டன்.

எபேலி நிமிர்ந்து மனோவாவைப் பார்த்தான். அந்தப் பார்வை எதற்கென்று மனோவாவுக்குத் தெரியும். ஒருவன் அவமானத்தில் நிற்கும்போது மச்சான் ஒரு கேலியை வீசி எல்லாரையும் சிரிக்கவைத்து அவனைக் கரையேற்ற வேண்டும். மச்சான் எதற்கு இருக்கிறான்? மனோவாவிடம் கேலிக்குப் பஞ்சமே இல்லை. நாக்கு நுனிவரை நாலைந்து வந்தன. எல்லாவற்றையும் விழுங்கினான். எபேலி திருடனாகவே நிற்கட்டும் என்று நிற்கவிட்டான்.

பிறகு நிதானமாகச் சொன்னான். "வரி என்னோடதுதான் கேப்டன். பைத்தான் கத்துக்கறவன் எல்லாரும் ஒரு தடவ விழற குழி. விழுந்து எழுந்து திருத்தியிருப்பேன். அதுக்குள்ள லேப்டாப் போயிடுச்சு."

கேப்டன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கப்பல் நிழல்ல நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். சரி, மழைல நிழலேது? உக்காந்து திருத்து."

மனோவா திருத்தினான். வீட்டுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, வெறுங்கையோடு வருகிறவருக்கு அப்போதைக்கப்போது புதிதாக ஒன்று செய்துகொள்ளச் சொல்லி எழுதினான். பட்டியல் இளைத்து ஒழுங்குக்கு வந்தது. கன்னியாஸ்திரீக்குத் தனிமை திரும்பியது. அதிகாரிகள் தலைகளை எண்ணி முடித்துக் கையசைத்தார்கள்.

படியில் இறங்கும்போது ரோஷ்னி அவனை நிறுத்தினார். "உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"காலைல. முதல் டிக்கெட்லயே."

"சின்னச் சின்னக் குழந்தைங்க மனோவா. காலைலேர்ந்து ஈரத்துல."

"தெரியும் மேடம்."

"நாளைலேர்ந்து எபேலி எடத்துல நீ உக்காரு. வேற வழியில்ல எனக்கு. ஆனா இன்னிக்கு உன்னப் பாக்கவே எனக்குப் பிடிக்கல."

அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மறுபடி அந்தக் காலை வந்தால் அதே ரொட்டியைத்தான் அதே நிதானத்தில் தின்றிருப்பான்.

வேன் பக்கத்தில் எபேலி மழையில் நனைந்துகொண்டு நின்றான். லேப்டாப் பையை நீட்டினான். "எடுத்துக்க" என்றான். மச்சான் என்ற சொல் வரவில்லை.

"எனக்கு வேணாம் மச்சான். குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல." மனோவா அவன் தோளில் கைபோட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா ஒன்னு சொல்லிடறேன். அதுக்குள்ள என் கைவேல இன்னொன்னு இருக்கு. இன்னிக்குப் பாத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி தூசு."

எபேலி நீட்டிய பையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எங்க? எந்தப் பக்கத்துல?"

"உன் மாமன் வீட்டுச் சொத்துதான. தேடி எடுத்துக்க."

"வெளையாடாத."

"மச்சான்கிட்ட வெளையாடாம வேற யார்கிட்ட வெளையாடறது?"

அப்படி ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷமாக மனோவா அந்த நிரலை வரிவரியாகப் படித்துத் தன் வேறு தப்பு ஏதாவது அகப்படுமா என்று சலித்துப் பார்த்திருந்தான். பாக்கியெல்லாம் சுத்தம் என்று அவனைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அவன் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். பின்னால் எபேலி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மடியில் லேப்டாப்பைத் திறந்தான். வேன் துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டான்.