இருபக்கமும் இறக்கம்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்தது இந்தப் பாதைக்காகத்தான் என்று பாதையின் தொடக்கத்தில் நிற்கும் கல்வெட்டு சொல்கிறது. அந்த வாசகத்தை எழுதியவர் சைக்கிள் பாதைக் குழுவின் தலைவர். மனிதகுலத்தில் வேறு யாரும் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை. கல்வெட்டு சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாதை போகும்போதும் இறக்கமாக, வரும்போதும் இறக்கமாக இருந்தது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் தலைவர் இல்லை, தலைவரின் சகலை.

பாதை சந்தைத் தெருவின் பின்புறம் தொடங்கி, ஆப்பிள் மேடு, பேரிக்காய் மேடு, பிளம்ஸ் மேடு என்று மூன்று மேடுகளை ஏறி இறங்கி, ஆற்றங்கரைப் பழக்கிடங்கில் போய் முடிகிறது. முன்பு அதில் பழ லாரிகள் ஓடின. லாரிகளுக்குப் புது ரோடு வந்ததும் புல் முளைத்துக் கிடந்த அந்தத் தடத்தை சைக்கிளுக்கென்று மாற்றியது தலைவர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. நிலஅளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றவர்களில் சிலர் செடி வளர்ப்பார்கள், சிலர் மருமகளைத் திருத்துவார்கள். இவர் காரை ஒழிக்கக் கிளம்பினார். தோட்டக்காரர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்து, வேலியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சி, கோபித்து, மறுபடி கெஞ்சி வாங்கிய தடம் அது. இரண்டு முனையிலும் கல்தூண்கள் நட்டார். எவ்வளவு சின்னக் காரும் நுழைந்துவிடக் கூடாது என்ற ஆவேசத்தில் தூண்களை நெருக்கி நட்டுவிட்டதால், திறப்பு விழாவன்று தலைவரின் வெளிநாட்டு சைக்கிளே அதன் அகலமான ஹேண்டில்பாரால் தூணுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. கைதட்டல் நின்றது, இரண்டு பேர் வந்து வண்டியைச் சாய்த்துத் தள்ளினார்கள், கைதட்டல் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அன்று தலைவர் தலைக்கவசம், கையுறை, தொடையைப் பிடிக்கும் கறுப்பு நிக்கர் சகிதம் ஊர்வலத்தின் முன்னால் போனார். ஆப்பிள் மேட்டின் பாதியில் மூச்சு வாங்கியது. இயற்கையை ரசிப்பதுபோல ஒரு காலைத் தரையில் ஊன்றினார். அந்த நேரத்தில்தான் சகலை வந்தார். விழாவுக்கு வரவில்லை, வேலைக்குத் தாமதமாகிவிட்டதால் அந்த வழியாக வந்தார். சகலை என்றால் தலைவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கிடங்கில் பழத்தைத் தரம் பிரிக்கிறவர். போன வீட்டிலெல்லாம் கை நனைத்துவிட்டு வருவதையும், வாங்கிப்போன குடையைத் திருப்பித் தராமலிருப்பதையும் தவிர அவரிடம் குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்தத் திறமையையும் தலைவர் கண்டதில்லை. அந்த மனிதர் துருப்பிடித்த சைக்கிளில், ஒரு கையில் பாதி கடித்த ஆப்பிளோடு, பெடலில் கால் வைக்காமலே, மேட்டின் மேல்நோக்கிச் சர்ரென்று போனார்.

"என்ன சகலை, செயின் கழண்டுடுச்சா?" என்று போகிற போக்கில் கேட்டார்.

"வியூ பாக்கறேன்" என்றார் தலைவர்.

"பாருங்க, பாருங்க. நல்லாத்தான் இருக்கு."

சகலை மேட்டின் உச்சியில் பிரேக் போட வேண்டியிருந்தது. சாயங்காலம் திரும்பி வரும்போதும் அதே உச்சியில், எதிர்ப்பக்கமிருந்து, பிரேக் போட்டார். முதல் வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் சலூன்காரர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் தங்களுக்கு இது முன்பே தெரியும் என்றார்கள். அதன் பிறகு மழைக்காலம் தொடங்கிவிட்டதால் பேச்சு கூரை ஒழுகலுக்குத் திரும்பிவிட்டது. சகலையின் பெடலில் சிலந்தி வலை கட்டியது. பேண்ட் நுனி மாட்டுகிறது என்று செயினைக் கழற்றிப் பின்வாசல் கேட்டைக் கட்ட வைத்துக்கொண்டார். பிரேக் கட்டையைத் தவிர அந்த வண்டிக்கு எதையும் மாற்றியதில்லை, ஆனால் அதை வாராவாரம் மாற்றுகிறேன் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார்.

தலைவருக்கு வயிறு எரிந்தது. எரிச்சலை அவர் ஆய்வு என்று அழைத்தார். பரணிலிருந்த பழைய ரசமட்டத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு பேரிக்காய் மேட்டில் போய்க் குந்தினார். அவர் வேலையில் சேர்ந்தபோது வாங்கியது; அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி அவரை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. குமிழி மேட்டுப் பக்கம் ஒதுங்கி, மேடு மேடுதான் என்றது. சகலை மணியடித்துக்கொண்டு வந்தார். அவர் நெருங்க நெருங்கக் குமிழி நகர்ந்து மறுமுனைக்குப் போய், அவர் கடந்து போகும்வரை மரியாதையாக அங்கேயே நின்று, பிறகு தன் இடத்துக்கு வந்தது. சாயங்காலமும் அப்படியே. பூமி சாய்ந்ததைக்கூடத் தலைவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பணிக்காலம் முழுக்கத் தன் சட்டைப்பையில் வைத்துக் காப்பாற்றிய குமிழி இன்னொருத்தனுக்கு எழுந்து நின்று இடம் கொடுத்ததுதான் தாங்கவில்லை. அதன் பிறகு அவர் அந்த ரசமட்டத்தோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தங்கை தன் அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் பேச்சு எங்கே சுற்றினாலும் வியர்வையில் வந்து நின்றது.

"இவர் சட்டையை நான் வாரத்துக்கு ஒண்ணுதாங்க்கா துவைக்கறேன். வேர்க்கவே மாட்டேங்குது."

"உங்க அத்தான் சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி வரும்" என்றாள் தலைவரின் மனைவி.

"அத்தானும் பாவம், வயசாயிடுச்சில்ல."

"உங்க வீட்டுக்காரரைவிட ரெண்டு வயசுதாண்டி கூட!"

தலைவர் உள்ளறையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. தான் போட்ட பாதை, தான் கெஞ்சி வாங்கிய தடம், ஒரே ஒரு தடவை தனக்கும் இறங்கட்டும். மனைவி வாசலில் நிற்க, பெடலில் கால் படாமல், காய்ந்த சட்டையோடு வந்து இறங்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான் குழுவைக் கூட்டி, ஒரே நபர் ஒரே நாளில் இரு திசையிலும் இறங்குதல் கூடாது என்று தீர்மானம் போட்டார். போர்டும் வைத்தார். ஏன் என்று கேட்ட உறுப்பினரிடம் மண் அரிப்பு என்றார். சகலை சட்டத்தை மதிக்கிறவர். காலையில் வண்டியில் போனார். சாயங்காலம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆனால் வண்டி அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டியின் பின்னால் ஓடுகிறவரைப் போல, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, "நில்லு, நில்லு" என்று மூன்று மேட்டிலும் மேல்நோக்கி ஓடி வந்தார். இரண்டு நாள் பார்த்த ஊர், வண்டியில் ஏறியே வரும்படி அவரிடம் சொல்லிவிட்டது. போர்டு பிறகு ஒரு பேரிக்காய்க் கூடைக்கு மூடியானது.

வண்டியில்தான் சங்கதி இருக்கிறது என்று தலைவருக்கு ஒரு நாள் பட்டது. சகலையைக் கூப்பிட்டு, தன் பதினெட்டு கியர் வெளிநாட்டு சைக்கிளைத் தருகிறேன், உன் பழைய வண்டியைக் கொடு என்றார். சகலை சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏன் சகலை, இதுல ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்ல. சொந்தக்காரங்களுக்குள்ள ஒரு இதுக்காகத்தான்."

"குடையைக் கேக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

மாற்றிக்கொண்டார்கள். சகலை புது வண்டிக்குப் பின்னால் ஒரு கேரியரை மாட்டிக்கொண்டு, அதிலும் பெடலைத் தொடாமல் போகவும் வரவும் இறங்கினார். பதினெட்டு கியரில் எது எதற்கென்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பழைய வண்டிக்குத் தலைவர் செயின் வாங்கிப் போட்டு, சகலையின் பழைய சட்டை ஒன்றை மனைவி மூலம் வரவழைத்து மாட்டிக்கொண்டு, கையில் பாதி கடித்த ஆப்பிளோடு கிளம்பினார். அன்றைக்குத்தான் அது நடந்தது. பாதை அவருக்குப் போகும்போதும் ஏற்றமானது, வரும்போதும் ஏற்றமானது. ஊர் இதையும் குறித்துக்கொண்டது. ஒருவர் வாங்காத ஏற்றத்தை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும் என்று ரொட்டிக் கடைக்காரர் கணக்குச் சொன்னார். அது சரியாகத்தான் பட்டது. சைக்கிள் கடைக்காரர் தலைவரின் வண்டியில் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டார், வீண் பாரம் என்று.

வருஷங்கள் போயின. ஆப்பிள் மேட்டில் பழைய மரங்களை வெட்டிப் புதிது வைத்தார்கள், அவையும் காய்த்தன. தலைவர் விடவில்லை. தினமும் ஏறினார். அவருடைய கெண்டைக்கால் இரண்டும் பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்து, தையல்காரர் பேண்ட்டுக்குப் பாவாடைத் துணி அளவுக்கு எடுத்துவரச் சொன்னார். டாக்டர் அவருடைய இதயத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்து அறை டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். ஆனால் வெளியூரிலிருந்து இரண்டு பக்கமும் இறங்குகிற மனிதரைப் பார்க்க வந்தவர்கள், சகலையோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது, கேமராவைத் தலைவர் கையில்தான் கொடுத்தார்கள். "கொஞ்சம் பின்னால போங்க, மேடு முழுசா வரணும்" என்றார்கள். தலைவர் பின்னால் போனார். அதுவும் ஏற்றமாகத்தான் இருந்தது. அந்தப் படங்களில் சகலையின் தலை பெரும்பாலும் வெட்டுப்பட்டிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு சைக்கிள் பாதைகளின் சம்மேளனத்திலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தார்கள். பிடித்துப்போனால் பாதைக்கு விருது. கல்வெட்டில் முன்னால் போய் வழிகாட்டியவரின் பெயர் ஏறும். தலைவர் ஒரு மாதம் தூங்கவில்லை. அன்று காலை சகலையை நேரில் பார்த்து, இன்றைக்கு மட்டும் புது ரோட்டில் பஸ்ஸில் வேலைக்குப் போ என்று கேட்டுக்கொண்டார். சகலை சரி என்றார். வழக்கம்போலத் தாமதமாகி, பஸ்ஸை விட்டுவிட்டு, பாதைக்கே வந்தார். அதற்குள் தலைவர் விருந்தினர்களை ஆப்பிள் மேட்டில் சைக்கிளில் அழைத்துச் சென்று, இது மனிதகுலம் காத்திருந்த பாதை என்பதை இருமுறை சொல்லிவிட்டு, பேரிக்காய் மேட்டின் பாதிக்கு வந்திருந்தார். அங்கே அவருடைய வலது முழங்காலில் ஏதோ சுள்ளென்று அறுந்தது. சம்மேளனத்தார் நல்ல மனிதர்கள். ஆளுக்கொரு முறை "பார்த்து வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்கள். தலைவர் புல்லில் உட்கார்ந்தார். கைக்கெட்டும் உயரத்தில் பேரிக்காய்கள் தொங்கின. எதிரே அவர் பாதை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

மணிச்சத்தம் கேட்டது.

"வியூ பாக்கறீங்களா, சகலை?"

"பஸ்ல போகச் சொன்னேன்ல."

"போயிடுச்சு. ஏறுங்க பின்னால."

"நான் குழுத் தலைவர்."

"அதுக்கென்ன, கேரியர் தாங்கும்."

தலைவர் கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கினார். பிறகு தலை நிமிராமல், எல்லா வருஷத்தையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டார்: "எப்பிடிடா இது உனக்கு மட்டும்?"

"எது?"

"இறங்குதே, அது."

சகலை மேட்டைப் பார்த்தார், கீழே பார்த்தார். "எல்லாருக்கும் இப்பிடித்தான்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "நீங்கள்லாம் உடம்புக்கு நல்லதுன்னு மிதிக்கறீங்கன்னு."

அடிக்கவும் முடியாது, அழவும் முடியாது. தலைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. சகலையின் தோளுக்கு மேலாக அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேரிக்காய் மேட்டின் உச்சி, விருந்தாளிக்குத் தலை குனிவதுபோல மெல்லத் தாழ்ந்தது. மரங்கள் எல்லாம் அந்தப் பக்கம் சரிந்தன. காற்று தலைக்கவசத்துக்குள் புகுந்து விசிலடித்தது. மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்த சம்மேளனத்தாரைப் பிளம்ஸ் மேட்டில் கடந்து, இருவரும் ஊர்வலத்தின் முன்னால் பழக்கிடங்குக்கு முதலில் வந்து சேர்ந்தார்கள். மனைவியும் தங்கையும் மாலையோடு நின்றிருந்தார்கள். தலைவரின் சட்டை காய்ந்திருந்தது. மனைவி அதைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

விருது கிடைத்தது. கல்வெட்டில் முன்னால் வந்தவர்கள் என்று இருவரையும் சேர்த்தே போட்டார்கள். தலைவர் தன் பெயருக்குக் கீழே சகலையின் பெயரைச் சற்றுச் சின்ன எழுத்தில் வெட்டச் சொன்னார். முழங்கால் திரும்பவும் மிதிக்கும்படி ஆகவில்லை. அதனால் இப்போது தினமும் காலையில் சகலையோடு கிடங்கு வரை போய், சாயங்காலம் அவரோடு திரும்புகிறார். பின்னால் பாரம் இருப்பதால்தான் வண்டி இவ்வளவு சீராக இறங்குகிறது என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்குகிறார். அவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள். ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இத்தனை வருஷமும் ஏறியே பழகிவிட்டதால் இறக்கம் என்றால் தலைவருக்குப் பயம். இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, சகலையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதல் மேட்டிலிருந்து கடைசி மேடு வரை கண்ணை மூடிக்கொண்டேதான் போகிறார்.